ரிப்போர்ட்டில் ஒரு ‘லாஸ்ட்’

மாமாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை வீட்டில் முதலில் வாசித்தது அவர் மகன். வாசித்தான் என்று சொல்வதைவிட எழுத்துக் கூட்டினான் என்று சொல்லலாம். தாராவியில் அவர்கள் வீட்டு மாடியில் ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்றுகொண்டு, "பேப்-1 எக்ஸ்பிரஷன் லாஸ்ட்" என்று அவன் முடித்ததும், கட்டிலில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"லாஸ்ட் ஸ்டேஜா?"

அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அந்தேரியில் வேலை முடித்து, மாஹிமில் இறங்கி நடந்து போய்ச் சேர்வதற்குள் சேதி நாலு வீடு தாண்டியிருந்தது. படியேறும்போதே எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, "கடைசின்னு போட்டுட்டானாமே" என்றாள்.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறும். நம் வாயில் அதுவும் மாறாது. கடைசி என்றாலும் லாஸ்ட், தொலைந்தது என்றாலும் லாஸ்ட். "தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம் மாமா, கடைசின்னு இல்ல" என்றேன்.

"என்ன தொலைஞ்சு போச்சு? ஏளா, நீதான இதே வேலை பாக்க. சொல்லு."

அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. "ஒரு ஜீன் மாமா, அது ஒண்ணும் பெரிசில்ல" என்று மழுப்பினேன். அவர் 2023இல் போய்விட்டார். பதில் மட்டும் என்னிடம் பாக்கி இருக்கிறது.

நான் ஒரு தனியார் லேபில் ஹிஸ்டோபத்தாலஜி டெக்னீஷியன். ஊரில் கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால், "லேப்ல இருக்கேன்" என்பேன். "ரத்தம் எடுக்குற வேலையா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த சதையை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்திச் சாயம் ஏற்றுகிறேன் என்று பந்திக்கு முன்னால் நின்று விளக்கவா முடியும்?

மாமாவின் மெழுகு பிளாக் இம்யூனோ சோதனைக்காக, அதாவது எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் போட்டுப் பார்ப்பதற்காக, எங்கள் லேபுக்கே வந்தது. பிளாக்கில் பெயர் இருக்காது, எண்தான். அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேசைப் பையனிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. வேறு யாராவது சீவினால் சரியாக வராது என்று ஒரு கிறுக்குத்தனமான எண்ணம்.

அதற்கு முன்னால் நடந்தது ஒரு வருடக் கதை. வலது பக்க நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு வாங்கியது. தாராவியில் ஒருவருக்கு நெஞ்சில் நீர் கோத்தால் டாக்டர் முதலில் டிபி என்றுதான் நினைப்பார், அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, "மருந்து வேலை செய்யுது" என்று மாமா சந்தோஷப்பட்டார். நீர் எடுத்தார்கள். மறுபடி கோத்தது. மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது தடவை ஓர் இளம் டாக்டர் மட்டும், "முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

மாமா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1970இல், 17 வயதில், பம்பாய்க்கு ரயிலேறியவர். முதலில் தாராவியில் தோல் கிடங்கு. 1975இலிருந்து 1988 வரை துறைமுகப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் வேலை, ஒரு முகாதம், அதாவது ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி, வழியாக, தினக்கூலி. கப்பலின் இன்ஜின் அறையில் கொதிநீராவிக் குழாய்களின் சூடு வெளியே போகாமல் சுற்றியிருக்கும் லாகிங்கைப் பிய்த்துப் போடுவார்கள். வெள்ளைப் பஞ்சு என்பார் அதை. "வெளிய வரும்போது மாவு மில்லுலேர்ந்து வர்ற மாதிரி இருப்போம்" என்று சிரிப்பார். அத்தை அந்தச் சட்டையைத் துவைத்திருக்கிறாள். அதை நினைக்கும்போது எனக்கு வேறு ஒரு பயம் வரும், அது இருக்கட்டும்.

அந்தப் பஞ்சு கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். கல்தான், ஆனால் நாராகப் பிரியும். மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த நார் மூச்சோடு உள்ளே போய், நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வுவரை போகும். அங்கே இருந்துகொண்டு இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோயாகத் தலைகாட்டும். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற நோய்க்கூறு மருத்துவரும் கூட்டாளிகளும் நீலக் கல்நார் சுரங்கம் இருந்த வட கேப் பகுதியிலிருந்து 33 பேரின் கதையை எழுதிய பிறகுதான் உலகம் இந்தத் தொடர்பை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது. அந்த 33 பேரில் சுரங்கத்தில் இறங்காதவர்களும் இருந்தார்கள், சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். மாமா முதல் தடவை லாகிங்கைப் பிய்த்தபோது அந்தக் கட்டுரைக்கு 15 வயது.

இதில் புகையிலைக்குப் பங்கில்லை. மீசோதீலியோமாவுக்கும் பீடிக்கும் சம்பந்தம் கிடையாது. இதை மாமாவிடம் சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு வருடமாக அத்தை, "பீடி பீடின்னு கெடந்து வாங்கிக்கிட்டியே" என்று திட்டிக்கொண்டிருந்தாள். அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் நிமிர்ந்து அத்தையை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், வழக்கில் ஜெயித்தவர் பார்வை.

சரி, ஸ்லைடுக்கு வருவோம்.

பேப்-1 சோதனையில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். இல்லாத இடத்தில் பின்னால் ஏற்றும் நீலச் சாயம் மட்டும் தெரியும். பேப்-1 செல்லின் உட்கருவில் இருக்க வேண்டிய புரதம், அதை உண்டாக்கும் ஜீனுக்கும் அதே பெயர். மாமாவின் ஸ்லைடில் கட்டிச் செல்கள் கூட்டங்கூட்டமாக நீல உட்கருவோடு நின்றன. நடுநடுவே வெள்ளணுக்களும் ரத்தக் குழாய்ச் சுவரும் நல்ல பழுப்பில். அந்தப் பழுப்பு இருந்தால்தான் நீலத்தை நம்பலாம். சாயம் சரியாக ஏறியிருக்கிறது, இந்தச் செல்களில் மட்டும்தான் புரதம் இல்லை என்பதற்கு அதே ஸ்லைடில் இருக்கும் சாட்சி அது. நான் அந்தப் பழுப்பைத்தான் வெகுநேரம் பார்த்தேன். என் வேலையில் ஏதாவது பிசகு இருந்தால் நன்றாக இருக்குமே என்று. இல்லை.

பேப்-1 போன்றவற்றை ட்யூமர் சப்ரஸர் ஜீன் என்கிறார்கள். கட்டியை அடக்கி வைக்கும் ஜீன். சில புற்றுநோய்களில் ஏதோ ஒரு ஜீன் வெறிபிடித்து ஓடும். நுரையீரல் புற்றுநோயில் சிலருக்கு ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீன் அப்படி. வெறிபிடித்ததை மருந்து கொடுத்துக் கட்டிப்போடலாம், மாத்திரையே இருக்கிறது. மீசோதீலியோமாவில் அப்படி ஓடுவது அபூர்வம். இங்கே நடப்பது பெரும்பாலும் தொலைதல். காவலுக்கு இருந்தவை ஒவ்வொன்றாகக் காணாமல்போகும். இல்லாத ஒன்றை எந்த மருந்தால் கட்டிப்போட? இந்த நோய்க்குக் குறிபார்த்து அடிக்கும் மாத்திரை இவ்வளவு காலம் வராமல் போனதற்கு இது பெரிய காரணம்.

கிட்டத்தட்ட ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி, அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. ஒன்று போனாலும் பெரும்பாலும் இன்னொன்று சமாளிக்கும். இரண்டும் போனால்தான் ஆபத்து என்று 1971இல் நட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார், குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயைக் கணக்குப் பார்த்து. ஆக, மாமாவின் ரிப்போர்ட்டில் இருந்த லாஸ்ட்டுக்கு அர்த்தம் இரண்டு பிரதியும் செயலற்றுப் போய்விட்டன என்பதுதான்.

எந்தக் காவல் தொலைந்தது என்பதைப் பொறுத்துக் கதை மாறும் என்பதுதான் நான் மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டியது.

மீசோதீலியோமாவில் அதிகம் தொலைவது மூன்று. மூன்றாம் குரோமோசோமில் பேப்-1, ஒன்பதாவதில் சிடிகேஎன்2ஏ, இருபத்திரண்டாவதில் என்எஃப்2. இதில் எல்லோரும் பயப்படும் தொலைப்பு நடுவில் உள்ளது.

சிடிகேஎன்2ஏ ஒரு விசித்திரமான ஜீன். பள்ளியில் பிரிமொழிச் சிலேடை படித்திருப்பீர்கள். ‘பலகை’ என்பதைச் சேர்த்து வாசித்தால் மரப்பலகை, பிரித்தால் பல கை. இந்த ஜீனும் அப்படித்தான். அதில் ஒரு பகுதியை ஓர் இடத்தில் பிரித்து வாசித்தால் பி16 என்ற புரதத்துக்குப் போகும், ஓரெழுத்து தள்ளிப் பிரித்தால் பி14 என்ற வேறொரு புரதத்துக்குப் போகும். பி16 செல் பிரியாமல் நிறுத்தி வைக்கும். பி14, புற்றுநோய் உலகின் பெரிய காவலாளியான பி53ஐக் காப்பாற்றி வைக்கும். அந்த இடம் மொத்தமாக அறுந்து விழுந்தால் ஒரே அடியில் இரண்டு காவலும் போச்சு. மீசோதீலியோமாவில் பி53 ஜீனே கெட்டுப்போவது குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். அதைக் கெடுக்க வேண்டிய அவசியமே கட்டிக்கு இல்லை. பி53 கெட்டிருக்கும் சிலருக்கு முடிவு மோசம்தான், அது தனி.

சிடிகேஎன்2ஏ இரண்டு பிரதியும் அறுந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே இருக்கிறார்கள் என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வந்த முடிவு. செல்களின் தோற்றத்தை வைத்து மீசோதீலியோமாவில் மூன்று வகை. அதில் நூல் நூற்கும் கதிர்போலச் செல்கள் நீண்டு கிடக்கும் சார்கோமட்டாய்டு வகையில் மிகப் பெரும்பாலான கட்டிகளில் இது போயிருக்கும், அந்த வகைதான் மூன்றிலும் கொடியது. இதைப் பார்க்க ஃபிஷ் என்று ஒரு சோதனை. இருட்டறையில், ஒளிரும் நுண்ணோக்கியில், ஒவ்வொரு உட்கருவிலும் இரண்டு பச்சைப் புள்ளியும் இரண்டு சிவப்புப் புள்ளியும் தெரிய வேண்டும். பச்சை என்றால் குரோமோசோம் இருக்கிறது. சிவப்பு என்றால் ஜீன் இருக்கிறது. பச்சை மட்டும் இருந்து சிவப்பு காணவில்லை என்றால் பார்க்கிறவர் கொஞ்ச நேரம் பேசமாட்டார். செலவு அதிகம் என்பதால் சிடிகேஎன்2ஏக்குப் பக்கத்து வீட்டுக்காரனான எம்டாப் என்ற ஜீனின் புரதத்தைச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். வீடு இடிந்தால் பக்கத்துச் சுவரும் சேர்ந்து விழும் என்ற கணக்கு. எம்டாப் போயிருந்தால் சிடிகேஎன்2ஏ போயிருக்கிறது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். எம்டாப் இருந்தால் சிடிகேஎன்2ஏயும் இருக்கிறது என்று அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்துச் சுவர் நிற்பதாலேயே வீடு நிற்கிறது என்று ஆகுமா?

மாமாவுக்கு எம்டாப் இருந்தது. வகை எபிதீலியாய்டு, மூன்றில் கொஞ்சம் இரக்கமுள்ளது.

பேப்-1 கதை இதற்குத் தலைகீழ். அது தொலைந்திருப்பது முதலில் நோயைக் கண்டுபிடிக்கத்தான் உதவுகிறது. டிபியாலோ வேறு எதனாலோ சவ்வு எரிச்சலாகிச் செல்கள் பெருகினால் அவற்றில் பேப்-1 தொலையாது. அந்த ஆறு மாத மாத்திரைக் காலத்தில் ஒரு பயாப்ஸி எடுத்து இந்தச் சாயத்தை ஏற்றியிருந்தால்... போகட்டும். அப்புறம் ஆயுள் விஷயம். பேப்-1 தொலைந்தவர்கள் சற்றுக் கூடுதல் காலம் இருக்கிறார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று சில. எபிதீலியாய்டு வகையில்தான் பேப்-1 அதிகம் தொலைகிறது, அந்த வகையே நீண்ட ஆயுள் வகை. எந்தப் புண்ணியம் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ஒன்று நிச்சயம். எங்கள் வீடே அழுத அந்த லாஸ்ட், மற்ற லாஸ்ட்களோடு ஒப்பிட்டால் கெட்ட சகுனம் இல்லை.

என்எஃப்2 பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மெர்லின் என்று மந்திரவாதிப் பெயர் உள்ள புரதம் அதில் உருவாகிறது. ஆயுளைக் கணிப்பதில் மந்திரம் எதையும் அது இதுவரை காட்டவில்லை.

மாமா அடுத்து கேட்டது எல்லோரும் கேட்பதுதான். எத்தனை மாதம்?

2003இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 9.3 மாதம், பெமெட்ரெக்ஸெட் என்ற இன்னொன்றும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 12.1. பின்னாளில் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்துகளை, சேர்த்துக் கொடுத்தபோது 18.1, அதே ஆய்வில் கீமோ எடுத்தவர்களுக்கு 14.1. அந்த ஊசிகளின் விலையைக் கேட்டதும் மாமா மகன் செல்போனை அணைத்துவிட்டான். கிடைத்தது கீமோதான்.

இடைநிலை என்றால் என்ன என்று மாமாவுக்குச் சொன்னேன். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், எனக்குத் தமிழில்தான் கணக்கு வரும். "நூறு பேரை வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கிற ஆள் மாமா. பாதிப் பேர் அதுக்கு முன்னாடி, பாதிப் பேர் அதுக்கு அப்புறம்."

"நான் எந்தப் பக்கம்?"

வகை, எம்டாப் என்ற இந்த அடையாளங்களெல்லாம், மார்க்கர்கள் என்போம், சொல்லப் பார்ப்பது அதைத்தான். எபிதீலியாய்டு என்றால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நில், எம்டாப் இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் தள்ளி நில். ஆனால் அவை தள்ளுவது கூட்டத்தை. ஆளைக் கையைப் பிடித்து, இதுதான் உன் இடம் என்று அவற்றால் நிறுத்த முடியாது.

எனக்கு அது போதவில்லை. ஃபிஷ்ஷும் செய்து பார்த்துவிடலாம் என்று ஆன்காலஜிஸ்ட்டிடம் கேட்டேன். நல்ல மனிதர், நிதானமாகக் கேட்டார். "செய்யலாம்மா. சிவப்புப் புள்ளி இல்லைன்னு வந்தா கீமோவை மாத்தப் போறோமா? இல்ல. இருக்குன்னு வந்தா? அப்பவும் இல்ல. மாமா தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரா?" மாமா கேட்கவில்லை. கேட்டது நான். அதற்கு மேல் நான் பேசவில்லை. ஆனால் இன்றுவரை அவர் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்ளவும் இல்லை. காலம் குறைவு என்று முன்கூட்டித் தெரிந்தால் ஊருக்குப் போவதா வேண்டாமா என்றாவது முடிவெடுக்கலாமே. எம்டாப் இல்லாத கட்டிகளுக்கென்றே, பேப்-1 இல்லாத கட்டிகளுக்கென்றே இப்போது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தொலைந்த இடத்தில் உண்டாகும் பலவீனத்தைப் பிடித்து அடிக்கும் மருந்துகள். அவற்றில் ஒன்று பலித்தால் இந்தச் சோதனைக்கு ‘தெரிந்து என்ன செய்ய’ என்ற கேள்வி எழாது. மாமாவுக்கு அது காலம் கடந்த விஷயம்.

மாமா 23 மாதம் இருந்தார். நடுவில் நின்ற ஆளைத் தாண்டித்தான் போனார்.

வீட்டில் பெரிய சண்டை வந்தது வேறொரு விஷயத்தில். பேப்-1 கட்டியில் மட்டும் தொலையலாம், பிறவியிலேயே ஒரு பிரதி கெட்டும் வரலாம். துருக்கியில் கப்படோச்சியா பகுதியில் சில கிராமங்கள் இருக்கின்றன, கல்நாரைப் போலவே நாராகப் பிரியும் எரியோனைட் என்ற கனிமம் கலந்த கல்லில் வீடு கட்டிய கிராமங்கள். அங்கே இந்த நோய் சில வீடுகளில் வரிசையாக வந்தது, பக்கத்து வீட்டில் வரவில்லை. பரம்பரைச் சந்தேகம் அங்கிருந்துதான் வலுத்தது. 2011இல் இரண்டு அமெரிக்கக் குடும்பங்களில் பிறவியிலேயே கெட்ட பேப்-1ஐக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோளாறு இருந்தவர்களில் சிலருக்குக் கண்ணில் மெலனோமா என்ற புற்றுநோயும் வந்திருந்தது. பிறவிக் கோளாறோடு மீசோதீலியோமா வந்தவர்கள் மற்றவர்களைவிடப் பல வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள் என்பது இதில் இன்னொரு விசித்திரம்.

சாயச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. ரத்தம் எடுக்க வேண்டும். மாமா 13 வருடம் கல்நாரில் புரண்டவர், வயது 68, குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை, அதனால் பிறவிக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு என்றார் டாக்டர். விரும்பினால் பார்க்கலாம் என்றார். அத்தை விரும்பவில்லை. சின்ன மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். "பரம்பரை வியாதின்னு ஒரு தாள் வந்துட்டா எவன் வருவான்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவள் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை. ஒரு காலத்தில் மாமா மகனுக்கே என்னைக் கேட்டார்கள், அதை வைத்து நான் வேண்டாத கணக்கெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் அம்மா மாமாவின் தங்கை. அம்மாவிடம் இதுவரை கேட்கவில்லை.

இன்னொரு தொலைந்த விஷயம் உண்டு. 1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிலில் இருப்பவர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று. இந்த நோயின் கணக்குத் தெரிந்தவர்கள் எழுதிய உத்தரவு அது. ஆனால் தீர்ப்பு வரும்போது மாமா அந்த வேலையை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. நஷ்டஈடு கேட்கலாமா என்று விசாரிக்க மாமா மகனும் நானும் அலைந்தோம். வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். முகாதம் செத்துப்போய்விட்டார். கூலிச் சீட்டு எதுவும் இல்லை. கூட வேலை பார்த்தவர்களில் மாமாவுக்குப் பெயர் ஞாபகம் இருந்த நாலு பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அவர்கள் எதனால் செத்தார்கள் என்று யாரும் ஸ்லைடு போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இந்தியாவில் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை கொடுப்பதை 1986இலேயே நிறுத்திவிட்டார்கள். இறக்குமதி நிற்கவில்லை. உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடைசெய்த சரக்கு இங்கே ரஷ்யாவிலிருந்து கப்பலில் வருகிறது, சிமென்டோடு சேர்ந்து கூரை ஷீட்டாகிறது.

போன மழைக்கு முன்னால் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிக்கு மேலே மாமா மகன் ஷீட்டில் ட்ரில் போட்டுக்கொண்டிருந்தான், பழைய போல்ட் துருப்பிடித்து ஒழுகுகிறதாம். வாயில் கர்ச்சீப்கூட இல்லை. வெள்ளையாகத் தூள் அத்தை காயப்போட்டிருந்த வற்றல் மேலே விழுந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"என்னத்துக்கு இது?" என்றான்.

"நனைச்சுட்டுப் போடு. கையாலயே திருகு, ட்ரில் வேண்டாம்" என்றேன். வற்றலை எடுத்துக் குப்பையில் கொட்டச் சொன்னதற்கு அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.